பெருமாளுக்கு ஆகாத பூ

அடுப்பில் பால் பொங்கி வழிந்து கரித்துண்டுகளின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தும் விடியாத நேரம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தோட்டத்தில் என் மாமனார் நின்றிருந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண், இடது கையில் பூக்குடலை. குடலை காலி. அவருக்கு எதிரே ஒரு மண்தொட்டி. மழைக்காக நான் அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்த மூங்கில் கூடையை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். தொட்டியில் ஒரு முழம்கூட இல்லாத குட்டைச் செடி. செடியில் மூன்று மஞ்சள் பூக்கள், அன்று காலைதான் மலர்ந்தவை.

அந்த மூன்றும் பத்து மணிக்குத் தசரா புஷ்பக் கண்காட்சியில் நடுவர்கள் முன்னால் நிற்க வேண்டும், செடியோடும் தொட்டியோடும். மாமனார் கையை நீட்டினால் மூன்றும் பெருமாள் திருவடிக்குப் போய்விடும். பெருமாளோடு போட்டி போடும் தைரியம் எனக்கு இல்லை. ஆசை மட்டும் நிறைய இருந்தது.

மாமனார் குனிந்தார்.

அவர் குனிந்தபடியே கொஞ்சம் இருக்கட்டும். நான் கல்யாணமாகி மைசூர் ரயிலடியில் வந்து இறங்கிய கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, “அவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீங்கள்?” என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். பயந்தாங்கொள்ளிதான். ஆனாலும் என்னென்ன செய்தேன் என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

தெருக்குழாய்க்குக் கிழக்கே

மகாராஜா ஆண்ட காலம். லட்சுமிபுரத்தில் சின்னதாக ஒரு வீடு, வீட்டைவிடப் பெரியதாகத் தோட்டம். வீட்டில் மூன்றே பேர். ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், கஜானாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார், நான். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்.

மாமனாரின் பூர்விகம் மேல்கோட்டை. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அவர் பேசும் வீட்டுத் தமிழ் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. வாக்கியம் பழைய தமிழில் ஆரம்பிக்கும், கன்னடத்தில் போய் முடியும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவைப்பேன். அடக்கமான பெண் என்று பெயர் வந்தது.

அவருக்கு உலகத்தில் ஒரே வேலை காலையில் பெருமாளுக்குச் செய்யும் திருவாராதனம். அதற்குப் பூ வேண்டும். பொழுது புலர்வதற்குள் குளித்துவிட்டுக் குடலையும் துரட்டியுமாகக் கிளம்புவார். முதலில் எங்கள் தோட்டம். மல்லிகை, நந்தியாவட்டை, செம்பருத்தி என்று ஒன்று விடமாட்டார். பிறகு தெரு. யார் வீட்டு வேலிக்கு வெளியே கிளை நீட்டியிருந்தாலும் அது பெருமாளுடையது. கிளை நீட்டாவிட்டால் துரட்டி நீளும்.

அந்த வட்டாரத்தில் இப்படிப் பூப்பறிக்கும் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெருக்குழாய்க்குக் கிழக்கே என் மாமனார். மேற்கே ஒரு பழைய தலைமையாசிரியர். குறுக்குச் சந்து முழுவதும், சத்தமாக சுலோகம் சொல்லிக்கொண்டே பறிக்கும் ஒருவருக்கு. எல்லை தாண்டிப் பறித்தால் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஐரோப்பாவில் ராஜாக்கள் அடித்துக்கொண்டது இதைவிடச் சில்லறை விஷயத்துக்காகத்தான் இருக்கும் என்று என் கணவர் சொல்வார், அப்பா இல்லாத நேரத்தில்.

எனக்குச் செடிகள் என்றால் உயிர். ஆனால் நான் வாசல் தெளிக்க வரும்போது தோட்டத்தில் இலைதான் இருக்கும். நான் தண்ணீர் ஊற்றி, எரு போட்டு, பூச்சி பார்த்து வளர்த்த மல்லிகையைச் செடியில் பூவாக நான் பார்த்ததே இல்லை. கோயிலாழ்வாரில், அதாவது எங்கள் பூஜை அலமாரியில், பெருமாள் மேல்தான் பார்த்திருக்கிறேன். குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் வருத்தமாக இருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடுகளில் செடியிலிருக்கும் பூவை முகரக் கூடாது. முகர்ந்த பூ பெருமாளுக்கு ஆகாது. ஐந்து வயதில் ஒரு ரோஜாவிடம் மூக்கைக் கொண்டுபோனதற்கு அம்மாவிடம் வாங்கிய குட்டு இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது. அதன் பிறகு பூவைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொள்வதே பழக்கமாகிவிட்டது.

நஞ்சம்மா கொடுத்த கிழங்கு

பின்வேலிக்கு அந்தப்புறம் நஞ்சம்மா. அவள் புருஷன் பங்களாத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் தம் தொட்டிகளையெல்லாம் மேஸ்திரியிடமே கொடுத்துவிட்டுப் போனாராம். அதில் ஒன்றைப் பிரித்து, விரல் விரலாகத் தொங்கும் கிழங்குக் கொத்து ஒன்றை நஞ்சம்மா வேலிக்கு மேலே நீட்டினாள். டே லில்லி என்றாள். காலையில் விரியும், சாயங்காலம் சுருங்கிவிடும், மறுநாள் வேறு மொட்டு விரியும். இடுப்பு உயரம் வளர்ந்து காற்றில் சாய்கிற ஜாதியும் உண்டாம். இது குட்டை ஜாதி, தொட்டியிலேயே அடங்கிவிடும் என்றாள்.

நான் அதை மஞ்சள் கிழங்கு நடுகிறமாதிரி அரை முழம் ஆழத்தில் புதைத்தேன். புல்லைப்போல இலை வந்தது. ஒரு வருஷம் முழுவதும் இலை மட்டுமே வந்தது. பெருமாளே வேண்டாம் என்கிற அளவுக்கு இலை.

கடைசியில் மேஸ்திரியே வேலிக்கு இந்தப்புறம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைத்தால் மூச்சு முட்டும் என்றார். தோண்டி எடுத்து, கொத்தைக் கையாலேயே இரண்டாகப் பிளந்து, பழைய சாணமும் ஆற்று மணலும் கலந்த மண்ணில் மேலாக உட்கார வைத்தார். காலை வெயில் போதும். வாடின பூவை அன்றன்றைக்கே கிள்ளிவிட வேண்டும். காயாக விட்டால் செடி அடுத்த மொட்டை மறந்துவிடும். தண்டில் அசுவினிப் பூச்சி அப்பினால் பொடித் தண்ணீர் தெளிக்க வேண்டும். பொடி என்றால் மூக்குப்பொடி. சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து பொடி மட்டையை எடுத்துச் செடிக்கு ஒரு சிட்டிகையும் தமக்கு இரண்டு சிட்டிகையும் ஒதுக்கினார்.

வாசனை உண்டா என்று கேட்டேன். துளிக்கூடக் கிடையாது என்று தும்மலுக்கு நடுவே உறுதியாகச் சொன்னார்.

ஆகாது என்றதும் வந்த சந்தோஷம்

அந்தக் கோடையில் முதல் பூ வந்தது. மாமனார் குடலையோடு வந்து நின்றார். என்ன ஜாதி, எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். சீமைப் பூ என்றேன். வாசனை உண்டா என்றார். இல்லையாம், மேஸ்திரி சொன்னார் என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, வாசனை இல்லாத சீமைப் பூ பெருமாளுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போனார்.

அன்று நான் பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? அந்த வீட்டுத் தோட்டத்தில் முதல்தடவையாக ஒரு பூ செடியிலேயே பொழுது சாயும்வரை இருந்தது. நான் சாதம் வடித்துவிட்டு வந்து பார்த்தேன். துணி உலர்த்தப் போகும்போது பார்த்தேன். மத்தியானம் தூங்குகிற வழக்கத்தையே விட்டுவிட்டேன். சாயங்காலம் அது சுருங்கியதும் கிள்ளி, பழக்க தோஷத்தை மீறி ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனேன். வாடின கீரை நாற்றம். மேஸ்திரி சொன்னது சரிதான் என்று எறிந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. தொட்டி நிறைந்து கொத்தாயிற்று. கோடையில் பூத்தபின் நன்றாகப் பார்த்துக்கொண்டால் மழை முடிகிற சமயத்தில் இன்னொரு தரம் பூக்கும் என்று தெரிந்துகொண்டேன். மழை முடிகிற சமயம்தான் தசரா. நஞ்சம்மா சும்மா இருப்பாளா? புஷ்பக் கண்காட்சிக்கு வை என்று ஆரம்பித்துவிட்டாள்.

என் கணவர் ஆபீசுக்குப் போகிற வழியில் விண்ணப்பத் தாள் வாங்கி வந்தார். செடி வளர்த்தவர் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. அவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். வழக்கமாக இன்னாரின் மனைவி என்றுதான் எழுதுவார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வளர்த்தது நீதானே என்று ‘வேதவல்லி’ என்று எழுதினார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயரை ஒரு காகிதத்தில் நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பரிசுகூட வேண்டியிருக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் அந்தப் பெயர் போட்ட சீட்டு நிற்க வேண்டும், சீட்டுக்குப் பின்னால் பூ இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மேல்கோட்டையிலிருந்து ஒரு தீர்ப்பு

தசரா என்றால் மைசூர்க்காரர்களுக்கு விருந்தாளி என்று அர்த்தம். யானை பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் மைசூரில் ஓர் உறவு இருக்கும். எங்களுக்கு அந்த வருஷம் வந்தவர் மாமனாரின் பெரியப்பா பிள்ளை. மேல்கோட்டையில் ஆசார விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

வந்த அன்றே தோட்டத்தைச் சுற்றிவந்தார். தொட்டியில் அப்போது நான்கு மொட்டு, பச்சை விரல்கள்போல. இது என்ன என்றார். மாமனார் பெருமையோடு அது ஆகாத பூ என்று விளக்கினார். வந்தவர் எதிர்வாதம் எதையும் உடனே எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருந்தார். நான் சாத்தமுது பரிமாறும்போது ஆரம்பித்தார்.

சொந்த மண்ணில் சுத்தமாக வளர்த்த பூவுக்கு வாசனை இல்லாதது ஒரு குற்றமே இல்லை. கீழே விழுந்தது, முகர்ந்தது, பழசானது, இந்த மூன்றுதான் ஆகாது. இதுவோ காலையில் பிறந்து சாயங்காலம் முடிந்துபோகிற பூ. பழசாகவே தெரியாத பூ. இதைவிடச் சுத்தமானது எது?

மாமனார் கையில் கவளம் அப்படியே நின்றது. இரண்டு வருஷமாகப் பெருமாளுக்குச் சேர வேண்டியதை விட்டுவிட்டோமே என்று அவர் முகம் வாடிய வாட்டத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அடுத்த நிமிஷம் அந்த முகம் மலர்ந்ததே, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். அது எப்போது பூக்கும் என்று என்னைக் கேட்டார். நவராத்திரிக்குள்ளே என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

சட்டம் சொன்னவர் சாப்பிட்டு, தூங்கி, ஒத்திகைக்கு வந்த யானையை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு மாமனார் தினமும் காலையில் தொட்டியருகே வந்து மொட்டுகளை எண்ணுவார். அவர் போனதும் நான் போய் எண்ணுவேன்.

நஞ்சம்மாவின் யோசனை

அப்பாவிடம் சொல்லுங்கள் என்று கணவரைக் கெஞ்சினேன். சொல்கிறேன் சொல்கிறேன் என்று நாலு நாள் ஓட்டினார். அவர் அப்பா முன்னால் நின்று அதிகபட்சமாகப் பேசியது மழை வரும்போல இருக்கிறது என்பதுதான்.

வேலியருகே நஞ்சம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவள் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சிரித்தாள்.

“அய்யோ, அஷ்டே தானே? பூ விரிஞ்ச ஒடனே நீ போய் மூக்கு வெச்சுடு. அப்பறம் அது தேவருக்கு ஆகாது, நமக்கு ஆகும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெருமாளுக்கு என்று ஒருவர் நினைத்துவிட்ட பூவை வேண்டுமென்றே எச்சில் பண்ணுகிறமாதிரி அல்லவா இது? சீ என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். ஆனால் சீ என்று சொன்ன யோசனை மனசைவிட்டுப் போகவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் அதுவே நினைப்பு. இரண்டாம் நாள் அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் எத்தனை மணிக்கு எழுந்தால் மாமனாரை முந்தலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாப்பிடும்போது என் கணவர் ஒருவழியாக வாயைத் திறந்தார். இலையைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு அந்தத் தொட்டியைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக ஜட்காவுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார். மாமனார் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

இரவு மழை பிடித்துக்கொண்டது.

மறுபடியும் அந்த ஜன்னல்

முந்தி எழுந்திருக்கப் போட்ட கணக்கு தப்பிவிட்டது. நான் எழுந்து, குளித்து, அடுப்பு மூட்டி ஜன்னலுக்கு வரும்போது அவர் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார்.

மழை எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. நந்தியாவட்டை மண்ணில் கிடந்தது. கீழே விழுந்தது ஆகாது. செம்பருத்தி கிழிந்து தொங்கியது. தெருவிலும் அதே கதைதான் என்பது காலிக் குடலையைப் பார்த்தாலே தெரிந்தது. நவராத்திரி நாளில் பெருமாளுக்கு ஒரு பூ இல்லை. இருந்தது இந்த மூன்றும்தான். நான்காவது இன்னும் மொட்டு.

அவர் குனிந்தார். கையை நீட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டினார். நான் பாலையும் மறந்து, ஈரக் கையோடு தோட்டத்துக்கு ஓடினேன். நாலடி தள்ளி நின்றுவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. அகப்பட்டுக்கொண்டவர்போல இருந்தது முகம்.

“நன்னா வந்திருக்கும்மா, மத்தே,” என்றார், வழக்கம்போலக் கன்னடத்தில் முடித்து. “வந்து முகர்ந்துடு.”

எனக்குப் புரியவில்லை.

“நான் பாக்கறச்சேயே முகர்ந்துடு. அப்பறம் என்னால தொட முடியாது. இல்லேன்னா என் கைமேல எனக்கே நம்பிக்கை இல்லே.”

நான் எதைத் திருட்டுத்தனமாகச் செய்ய நினைத்தேனோ அதை அவர் வாய்விட்டுக் கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேண்டாம் அப்பா, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையால் சீக்கிரம் என்று ஜாடை காட்டினார். பெருமாள் மனசு மாறுவதற்குள் என்று பயப்படுகிறமாதிரி இருந்தது.

குனிந்தேன். ஐந்து வயதில் வாங்கிய குட்டை நினைத்துக்கொண்டே மூச்சை உள்ளே இழுத்தேன்.

வாசனை இருந்தது.

எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அதுபோல. அதோடு கொஞ்சம் தேன். மெல்லிசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. இரண்டு வருஷமாக வாசனையில்லாத பூ என்று ஒரு வீடே சாதித்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரியின் மூக்கில் பொடி. மாமனார் முகரமாட்டார். நானும் முகரமாட்டேன். சாயங்காலம் வாடினதை முகர்ந்துவிட்டுத் தெரிந்துகொண்டதாக நினைத்தேன். மலர்ந்த பூவை யாருமே கேட்கவில்லை.

“வாசனை உண்டோ?” என்றார் மாமனார்.

“இல்லேப்பா,” என்றேன்.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே,” என்று அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் துளசியை மட்டும் கிள்ளிக் குடலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மனசாரச் சொல்கிறேன், அவர் விட்டுக்கொடுத்தது இன்னும் பெரியதாக அவருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் பொய் சொன்னேன். இனி வரும் பூவாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் என்னால் முடியாது.

சீட்டு

கண்காட்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜட்காவில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கூட வந்த நஞ்சம்மா குழி வரும்போதெல்லாம் வண்டிக்காரனைத் திட்டினாள். தட்டு தட்டாக அடுக்கிய டாலியாக்களுக்கு நடுவே என் குட்டைச் செடி பெரிய மனிதர்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஏழை உறவுக்காரர்போல நின்றது. தலைப்பாகை கட்டிய நடுவர் ஒருவர் நின்று பார்த்தார், குனிந்து முகர்ந்தார், புருவத்தை உயர்த்தினார், ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

முதல் பரிசு ஒரு டாலியாவுக்கு. முட்டைக்கோஸுக்குக் கொடுத்திருக்கலாம் என்று நஞ்சம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். என் தொட்டிக்கு ஒரு பாராட்டுச் சீட்டு கிடைத்தது. அதில் என் பெயர் இருந்தது. மூன்று பூவும் மாலைவரை நின்று, என்னோடு வீடு திரும்பும்போது ஜட்காவிலேயே சுருங்கிக்கொண்டன. நான் அந்த நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன், இடையிடையே அந்தக் காலிக் குடலை நினைவுக்கு வந்தது என்பதைத் தவிர.

நான்காவது

மறுநாள் மாமனாருக்கு முன்னால் எழுந்தேன். நான்காவது மொட்டு விரிந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காம்போடு கிள்ளினேன். என் செடியிலிருந்து மலர்ந்த பூவை நானே கிள்ளியது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் துளசியும் பறித்து அவர் குடலையில் போட்டு, அதன் மேலே பூவை வைத்தேன்.

அவர் வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். குடலையை எடுத்துக்கொண்டு கோயிலாழ்வார் முன்னால் போய் உட்கார்ந்தார்.

அன்று திருவாராதனம் வழக்கத்தைவிட நீண்டது. முடிந்ததும் தீர்த்தம் கொடுத்தார். பிறகு பெருமாள் திருவடியிலிருந்த அந்த மஞ்சள் பூவைப் பிரசாதமாக எடுத்து, முதலில் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிக்கொண்ட கை அங்கேயே நின்றது. இன்னொரு தரம் ஒற்றிக்கொண்டார். பெருமாளுக்கு ஆன பிறகு முகரலாம், தடையில்லை.

கண்ணைத் திறந்து, பூவை என் கையில் வைத்தார்.

“ஏம்மா, நேத்திக்கு உனக்கு ஜலதோஷமா?” என்றார்.